பத்து வயதில் முடிகிற பாலிசி: வயதாகும் செல்லப்பிராணிக்குக் காப்பீடு எதுவரை உதவும்?

நாய்க்குக் காப்பீடு எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பிரீமியம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான எண் வேறொன்று இருக்கிறது: பாலிசி எந்த வயதில் முடிகிறது என்பது. பஜாஜ் அலையன்ஸ் நிறுவனம் 2020 ஆகஸ்டில் கொண்டுவந்த நாய்க் காப்பீட்டில், சிறிய, நடுத்தர, பெரிய இன நாய்களை 3 மாதம் முதல் 7 வயதுக்குள் சேர்க்கலாம். 10 வயதோடு பாலிசி முடிந்துவிடும். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற ராட்சத இனங்களுக்கு இன்னும் குறைவு: 4 வயதுக்குள் சேர வேண்டும், 6 வயதில் வெளியேற வேண்டும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களின் பழைய நாய்ப் பாலிசிகளில் பொதுவாக 8 வாரம் முதல் 8 வயது வரை என்ற வரம்பு இருந்தது.

நாட்டு நாயோ பொமரேனியனோ ஒழுங்கான பராமரிப்பில் 13, 14 வயது வரை இருப்பது சாதாரணம். லேப்ரடார் 11, 12 வரை போகும். வீட்டுப் பூனை 15 வயதைத் தொடுவதும் அரிதல்ல. ஆக, மருத்துவச் செலவு உண்மையில் ஏறத் தொடங்குகிற கடைசி மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு நம் நாட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை கைகொடுக்காது. வயதான பிராணிக்குக் காப்பீடு எடுக்கலாமா என்ற கேள்வியை அது வயதானபின் கேட்பதில் அதிகப் பயன் இல்லாமல் போவது இதனால்தான்.

மனிதர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் நிலைமை வேறு. வயதைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. 2024-இல் புதிதாகச் சேர்வதற்கான 65 வயது உச்சவரம்பும் நீங்கியது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி தவிர வேறு காரணம் சொல்லி, ‘பழைய நோயை மறைத்தீர்கள்’ என்று கிளெய்மை மறுக்க முடியாது. இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நாய், பூனைக் காப்பீடு பொதுக் காப்பீட்டின் ‘இதர’ வகையில் வருகிறது. கறவை மாட்டுக் காப்பீட்டின் வழியில் வளர்ந்தது அது. மாட்டுக்கு ஒரு சந்தை விலை உண்டு, அது இறந்தால் அந்த விலை கிடைக்கும் என்பதுதான் அடிப்படை. அந்த அச்சு நாய்ப் பாலிசியிலும் இன்னும் தெரிகிறது. இறப்புக்கான தொகை நாயின் மதிப்பைப் பொறுத்தது, வயது ஏற ஏற மதிப்பு குறையும். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாயின் ‘மதிப்பு’ என்ன என்பதற்குப் பாலிசித் தாளில் வருகிற எண், வளர்த்தவருக்கு எரிச்சலைத்தான் தரும்.

வரியிலும் ஒரு முரண் இருக்கிறது. கால்நடை மருத்துவமனை தரும் சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே சிகிச்சைக்கான காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 18 சதவீதம் உண்டு. வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்குக் கிடைக்கும் கழிவும் இதற்குப் பொருந்தாது.

முதுமையின் நோய்களும் பாலிசியின் தலைப்புகளும்

ஒரு பாலிசிக்குள் பல தனித்தனிப் பிரிவுகள் இருக்கும்: அறுவை சிகிச்சையும் மருத்துவமனைச் சேர்க்கையும், புறநோயாளிச் செலவு, நீண்டகாலப் பராமரிப்பு, தீராத நோய்க்கு மொத்தத் தொகை, இறப்பு, திருட்டு அல்லது காணாமல் போவது, மூன்றாம் நபருக்கான பொறுப்பு. சில கட்டாயம், சில கூடுதல் பணம் கட்டிச் சேர்ப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனி உச்சத் தொகை, தனிக் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்தபின் கிளெய்ம் கேட்க முடியாத தொடக்க நாட்கள்). ‘என் நாய்க்கு இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று சொல்பவர் பலரிடம் இருப்பது அறுவை சிகிச்சைப் பிரிவு மட்டும்தான். முதுமையின் நோய்களோ பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லாதவை. மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மாத்திரையால் இழுத்துக்கொண்டு போகிறவை.

இதயத்தை எடுத்துக்கொள்வோம். பொமரேனியன், டாக்‌ஷண்ட், சிறிய ஸ்பிட்ஸ் வகைகளுக்கு வயதானால் அதிகம் வருவது மைட்ரல் வால்வு தேய்மானம். வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ‘மர்மர்’ என்ற கூடுதல் இரைச்சல் கேட்கும். நாய்க்கு அப்போது எந்தத் தொந்தரவும் இருக்காது, ஓடும், சாப்பிடும். இதயம் பெரிதாகத் தொடங்கிவிட்டது எக்கோ என்ற இதய ஸ்கேனில் உறுதியானால் பிமோபென்டன் என்ற இதய மாத்திரையைத் தொடங்குவார்கள். அந்தக் கட்டத்திலேயே தொடங்கினால் இதயச் செயலிழப்பு சராசரியாகப் பதினைந்து மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. வழக்கமான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு அரை மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு. பத்துக் கிலோ நாய்க்குக் காலையில் 2.5 மில்லிகிராம், இரவில் 2.5. ஆண்டுக்கு 730 மாத்திரை. ஒரு மாத்திரை 50 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 36,500 ரூபாய். இதன்மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ, எக்ஸ்ரே, பிறகு நுரையீரலில் நீர் கோக்கும்போது அதைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசமைட், அதனால் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை. இத்தனையிலும் அறுவை சிகிச்சை எங்கும் இல்லை. புறநோயாளிப் பிரிவு இருந்தால் அதன் ஆண்டு உச்சத் தொகைவரை வரும். நீண்டகாலப் பராமரிப்புப் பிரிவு இருந்தால் கொஞ்சம் கூட வரும். இரண்டும் இல்லையென்றால் முழுவதும் கைச்செலவு.

சிறுநீரகம் இன்னும் சிக்கலான கதை. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகம் தன் வேலையில் முக்கால் பங்கை இழந்திருக்கும். எஸ்டிஎம்ஏ என்ற பரிசோதனை அதைவிட முன்கூட்டிச் சொல்லும். நோய் முற்றும்போது மூன்று நாள், ஐந்து நாள் டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும். இங்கே பாலிசியில் ‘மருத்துவமனைச் சேர்க்கை’ என்பதற்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தொடர்ந்து 24 மணி நேரம் என்று எழுதியிருந்தால் சிக்கல்தான். நம் ஊர் தனியார் கிளினிக்குகளில் பல இரவில் பிராணியை வைத்துக்கொள்வதில்லை. காலையில் கொண்டுவாருங்கள், டிரிப் முடிந்ததும் மாலையில் கூட்டிப்போங்கள் என்பதுதான் நடைமுறை. ஐந்து நாளும் அப்படிப் போய்வந்தால் பில் மருத்துவமனைச் சேர்க்கை அளவுக்கு வந்திருக்கும், கிளெய்மோ ‘புறநோயாளி’ என்று திரும்பும். பகல்நேரச் சிகிச்சை பாலிசியில் தனியாக ஏற்கப்படுகிறதா என்று முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்திருப்பது உதவும்.

மூட்டு வலியில் வேறொரு வாசகம் குறுக்கே வரும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களின் பின்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு அடியில் பெரும்பாலும் இடுப்பு மூட்டுப் பிசகு இருக்கும். அது பரம்பரைக் குறை. பிறவி, பரம்பரைக் குறைகளை விலக்கும் பாலிசியில், எட்டு வயதில் வருகிற ஆர்த்ரிடிஸ் செலவையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துத் தள்ளிவிட இடம் உண்டு. பல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: விபத்தில் பல் உடைந்தால் தவிர, மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்வதும் பிடுங்குவதும் ஏறக்குறைய எங்கும் விலக்குதான்.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு மட்டும் காப்பீடு உண்மையிலேயே கணக்குக்கு வரக்கூடிய ஒரு நோய் உண்டு: கருப்பையில் சீழ் பிடிப்பது, பயோமெட்ரா. பருவம் முடிந்து சில வாரங்கள் கழித்து நாய் சோர்ந்து, தண்ணீர் அதிகம் குடித்து, சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காப்பீடு இருக்கிற சுவீடனில், காப்பீட்டுப் பதிவேடுகளை வைத்தே இதை அளந்தார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வருகிறது. சிகிச்சை அவசர அறுவை, தள்ளிப்போட முடியாது. வயதும் பத்துக்குள், அறுவையும் உண்டு என்பதால் பாலிசியின் நடுவில் சரியாக விழுகிறது. ஆனால் ‘கர்ப்பம், பிரசவம், இனப்பெருக்க உறுப்புகள் சார்ந்த கோளாறுகள்’ என்ற விலக்கு வாசகம் பாலிசியில் இருந்தால் இதுவும் போயிற்று. வாங்குவதற்குமுன் ‘பயோமெட்ரா’ என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். இளம் வயதிலேயே கருத்தடை செய்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. எந்தப் பிரீமியத்தையும்விட மலிவான காப்பீடு அதுதான்.

கிளெய்ம் எங்கே விழுகிறது

மறுக்கப்படும் கிளெய்ம்களுக்குப் பின்னால் அடிக்கடி ஒரே வகைக் காரணங்கள். முதலாவது, ‘முன்பே இருந்த நோய்’. இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டாக்டரின் கேஸ் ஷீட்டில் இருக்கும் ஒரு வரி. ‘மூன்று மாதமாகவே நொண்டுகிறது’ என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னதை அவர் அப்படியே குறித்திருப்பார். பாலிசி எடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். அதேபோல, ஆறு வயதில் தடுப்பூசிக்குப் போனபோது ‘மர்மர் 2/6’ (ஆறு நிலைகளில் இரண்டாவது) என்று எழுதப்பட்டிருந்தால், ஏழு வயதில் எடுக்கும் பாலிசிக்கு இதயமே முன்பிருந்த நோய். இதற்காக டாக்டரிடம் எதையும் மறைப்பதோ, எழுத வேண்டாம் என்று கேட்பதோ சரியல்ல. சிகிச்சையும் கெடும், வெளிவந்தால் பாலிசியே ரத்தாகும். செய்யக்கூடியது, பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போதே முழு உடல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் தேதியோடு இணைப்பது. அன்றைய தேதியில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது, தடுப்பூசி. டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், லெப்டோஸ்பைரோசிஸ், ரேபிஸ் ஆகியவற்றுக்கு ஊசி தவறாமல் போட்ட அட்டை இருந்தால்தான் அந்த நோய்களுக்குக் காப்பீடு. வயதான நாய்க்கு ‘இனிமேல் எதற்கு ஊசி’ என்று இரண்டு ஆண்டு விட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, இது அந்த நாய்தான் என்பதற்கான சான்று. கறுப்பு லேப்ரடார் எல்லாம் புகைப்படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். மைக்ரோசிப் இருந்தால் தகராறு இல்லை; சில பாலிசிகளில் அதற்குப் பிரீமியத்தில் சலுகையும் உண்டு. சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் வளர்ப்புப் பிராணிகளுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஆகவே சென்னையில் இருப்பவர்களுக்குச் சிப் எப்படியும் வேண்டும். சிப்பின் 15 இலக்க எண் உரிமம், பாலிசி, மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்கவும். ஓர் இலக்கம் தப்பினால் போதும், மாதக்கணக்கில் அலையவிடும்.

நான்காவது, இடைவெளி. புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால், இடைப்பட்ட நாட்களில் கண்டுபிடிக்கப்பட்ட நோய் புதிய பாலிசியில் முன்பிருந்த நோயாகிவிடலாம்; காத்திருப்புக் காலமும் மறுபடி தொடங்கலாம். எட்டு வயது நாய்க்கு இது பெரிய இழப்பு. சேரும் வயது ஏழுதான் என்ற பாலிசியில் அதற்குத் திரும்ப நுழைய வழியே இல்லை.

ஒரு கணக்கு

ஏழு வயது லேப்ரடார். பிரீமியம் 8,000 ரூபாய், ஜிஎஸ்டி 1,440, மொத்தம் 9,440 என்று வைப்போம். பத்து வயது வரை மூன்று ஆண்டுக்கு, பிரீமியம் ஏறாது என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், 28,320 ரூபாய். பில்லில் 10 சதவீதம் நாமே கட்ட வேண்டும் என்ற கோ-பே இருந்தால், ஏற்கப்படும் பில் மூன்று ஆண்டில் ஏறத்தாழ 31,500 ரூபாயைத் தாண்டினால்தான் கட்டிய பணம் திரும்பும். மண்ணீரல் கட்டிக்கோ வயிறு முறுக்கிக்கொண்டதற்கோ ஒரே ஒரு அவசர அறுவை வந்தால் அதைத் தாண்டிவிடும். வராவிட்டால், மூட்டு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் தனி, பிரீமியம் தனி என்று இரண்டையும் கட்டிக்கொண்டிருப்போம்.

மறுபக்கம்: நாய்க்கு இரண்டு வயதாகும்போதே மாதம் 800 ரூபாய் ரெக்கரிங் டெபாசிட்டில் போட ஆரம்பித்தால், எட்டு ஆண்டில் கட்டியது 76,800; வட்டி 6 சதவீதம் என்றால் கையில் வருவது சுமார் 98,000. நாய்க்குப் பத்து வயது. பாலிசி முடிகிற அதே நாள். இந்தப் பணத்துக்கு விலக்கு வாசகம் கிடையாது. பல் சுத்தத்துக்கும் செலவழியும், பிமோபென்டனுக்கும் செலவழியும். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓட்டை முன்பக்கம் இருக்கிறது. மூன்றாம் வயதில் நாய் வண்டியில் அடிபட்டால் சேமிப்பில் இருப்பது பத்தாயிரத்துக்கும் கீழேதான்.

எனவே எங்கள் பரிந்துரை இரண்டையும் பிரித்து வைப்பது: குட்டியிலிருந்து ஏழு, எட்டு வயது வரை விபத்து, அறுவை சிகிச்சை, மூன்றாம் நபர் பொறுப்பு மட்டும் கொண்ட மெலிந்த பாலிசி, கூடவே முதுமைக்கென்று மாதச் சேமிப்பு. மூன்றாம் நபர் பொறுப்பைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், கண் மங்கிய, காது கேளாத கிழட்டு நாய் திடீரெனத் தொட்டால் கடித்துவிடும் என்பது. பிறருக்கு ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீட்டைத்தான் அது ஏற்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில், பிராணியைக் கவனக்குறைவாக வைத்திருந்ததற்கு விதிக்கப்படும் அபராதத்தைக் காப்பீடு கட்டாது.

வாழ்நாள் முழுவதும் காக்கிற பாலிசி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரிட்டனில் அப்படிப்பட்ட பாலிசி பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒருமுறை வந்த நீரிழிவையோ ஒவ்வாமையையோ அடுத்த ஆண்டு விலக்காமல், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வரம்பைப் புதிதாக நிரப்பித் தருவார்கள். ஆனால் பிரீமியம் வயதோடு ஏறிக்கொண்டே போகும். எட்டு, ஒன்பது வயதுக்குமேல் பில்லில் 10 அல்லது 20 சதவீதத்தை உரிமையாளரே கட்ட வேண்டும் என்ற கோ-பே பல பாலிசிகளில் சேர்ந்துகொள்ளும். பிரீமியத்தின்மேல் 12 சதவீத வரி, மருத்துவ பில்லின்மேல் 20 சதவீத வாட். 2016-க்கும் 2023-க்கும் இடையில் அங்கே கால்நடை மருத்துவக் கட்டணம் 63 சதவீதம் உயர்ந்தது என்று போட்டி ஆணையமான சிஎம்ஏ கண்டறிந்தது. நோய் வந்தபின் வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது, மாறினால் அது முன்பிருந்த நோய். பன்னிரண்டு வயதுப் பூனையை வைத்துக்கொண்டு விடவும் முடியாமல் கட்டவும் முடியாமல் இருப்பவர்கள் லண்டன் தமிழர்களிலும் இருப்பார்கள். அவர்கள் புதுப்பிக்கும்போது நிறுவனத்திடம் கேட்க வேண்டியது, ஆண்டு வரம்பைக் குறைத்தும், ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் தாங்களே கட்டும் தொகையை உயர்த்தியும் அதே பாலிசியைத் தொடர முடியுமா என்பது. பழைய நோய்க்கான பாதுகாப்பு போகாமல் பிரீமியம் இறங்க அது ஒரு வழி.

ஏற்கனவே பத்தைத் தாண்டிவிட்டால்

பாலிசிக்கு வழியில்லாத வயதில், பணத்தை முன்கூட்டிக் கண்டுபிடிப்பதில் போடுவது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை, ரத்த அழுத்தம், ரத்தமும் சிறுநீரும், ஆண்டுக்கு ஒரு வயிற்று ஸ்கேன். பூனையாக இருந்தால் தைராய்டையும் சேர்த்துக்கொள்ளவும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிற கிழட்டுப் பூனைக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எக்கோ முதல் நாய்களுக்கான டயாலிசிஸ் வரை வைத்திருக்கிறது. தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு, காத்திருக்க வேண்டிய நேரம் அதிகம். நோயை அங்கே கண்டறிந்து, தொடர் சிகிச்சையை வீட்டுக்குப் பக்கத்து டாக்டரிடம் வைத்துக்கொள்ளலாம். டிரிப்பைத் தோலுக்கடியில் ஏற்றக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டால் பல டாக்டர்கள் கற்றுத்தருவார்கள். சிறுநீரக நோயுள்ள பூனைக்கு அது கிளினிக் வருகைகளைக் குறைக்கும்.

பாலிசி இன்னும் நடப்பில் இருந்து, பிராணி இறந்துவிட்டால், அடக்கம் செய்வதற்குமுன் நிறுவனத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை கேட்கிறார்களா, டாக்டரின் இறப்புச் சான்றும் சிப் எண் தெரியும் புகைப்படமும் போதுமா என்பதை அந்த அழைப்பிலேயே கேட்டு, குறிப்பு எண் வாங்கிக்கொள்ளவும். கருணைக்கொலை என்றால் ஏன் அது தேவைப்பட்டது என்று பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதிய கடிதம் ஊசி போடுவதற்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும்; சில பாலிசிகள் முன்அனுமதியும் கேட்கும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லையென்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம், பாலிசியின் முழு வாசகம், கேஸ் ஷீட் நகல் மூன்றும் கையில் இருந்தால் போதும்.